சீழ் பிடித்த பாதப் புண்ணில் டீ ட்ரீ எண்ணெய் விடலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் வசிக்கும் என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 67. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போனார்கள். வலது கால் கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் எழும்பிய கொப்புளம் உடைந்து புண்ணாகி, மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கிறது. சீழும் வாடையும் உண்டு. சுற்றிலும் நன்றாகச் சிவந்து, பாதத்தின் மேற்புறமும் வீங்கியிருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டும் குணமில்லை. ஆத்தா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டு வருகிறார்கள். மெல்போர்னில் இருக்கும் அண்ணன் ‘100 சதவீதம் தூயது’ என்று அச்சிட்ட டீ ட்ரீ எண்ணெயும் கிராம்புத் தைலமும் அனுப்பி, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியைக்கூட இவை கொல்லும் என்கிறார். அப்பச்சியோ, வலியே இல்லை, ஆஸ்பத்திரி எதற்கு என்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்ப்பதால் வாரக் கடைசியில்தான் வர முடிகிறது. இந்த எண்ணெய்களைப் புண்ணில் விடலாமா, எத்தனை சொட்டு விட வேண்டும்? அடுத்த ஆண்டும் நடக்க வேண்டும் என்கிறார்கள், அனுப்பலாமா?

– வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு எண்ணெய்களில் எதையும், ஒரு சொட்டுக்கூட, இந்தப் புண்ணில் விட வேண்டாம். அதைவிட அவசரமானது, இந்த வாரக் கடைசிக்கு நீங்கள் வரும்வரை காத்திருக்காமல், பங்காளி வீட்டாரிலோ அக்கம்பக்கத்தாரிலோ ஒருவரைத் துணைக்கு வைத்து, இதைப் படித்த அன்றைக்கே உங்கள் அப்பச்சியைக் காரைக்குடியில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ, அறுவை சிகிச்சை மருத்துவர் இருக்கும் வேறொரு மருத்துவமனைக்கோ அனுப்புவது. அங்கே மேற்கொண்டு போகச் சொன்னால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டுத் தோலின் மேலடுக்கில் மட்டும் இருந்தால் அதை இலேசான தொற்று என்போம். அந்த எல்லையைத் தாண்டினாலோ, தொற்று தோலுக்கு அடியில் உள்ள தசைநார், மூட்டு, எலும்பு ஆகியவற்றைத் தொட்டாலோ அது நடுத்தரத் தொற்று. அதோடு 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித் துடிப்பு, வேகமான மூச்சு என்று உடல் முழுவதும் அறிகுறிகள் சேர்ந்தால் கடுமையான தொற்று. புண் உள்ளங்கால் பக்கம் இருக்க வீக்கம் புறங்காலில் தெரிகிறது என்றால், சீழ் உள்ளுக்குள் வழி கண்டு பரவியிருக்கக்கூடும் என்று ஐயப்பட வேண்டும். காய்ச்சல் இல்லை என்றாலும் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் ஆழமான சீழ்க்கட்டி இருந்தும் காய்ச்சல் எட்டிப் பார்க்காமல் இருப்பது வழக்கமாகவே நாங்கள் காண்பது. பசி குறைந்ததா, சர்க்கரை அளவு திடீரென்று ஏறியதா என்று பாருங்கள். பல நேரங்களில் முதலில் தெரிவது அதுதான்.

அப்பச்சி வலியே இல்லை என்று சொல்வதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த செய்தி. வெறுங்காலோடு நூறு கிலோமீட்டருக்கு மேல், தார்ச்சாலையிலும் சரளையிலும் நடந்த ஒருவருக்கு, ஒரு ரூபாய் அளவுக்குச் சதை திறந்து சீழும் வைத்த பிறகு, வலிக்கத்தான் வேண்டும். வலிக்கவில்லை என்றால் பாதத்தின் உணர்வு நரம்புகள் செத்துப் போயிருக்கின்றன என்று பொருள். நத்தம் வழியிலோ திண்டுக்கல்லைத் தாண்டியோ கொப்புளம் எழும்பியபோது உடன் நடந்தவர்கள் காலைத் தாங்கித் தாங்கி நடந்திருப்பார்கள்; வலி அவர்களை உட்கார வைத்திருக்கும். இவருக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் உடைந்த கொப்புளத்தின் மேலேயே நடந்து முடித்திருக்கிறார், இன்றைக்கும் வீட்டுக்குள் வளவுக்கும் பட்டாலைக்குமாக அதே இடத்தை ஊன்றி நடந்துகொண்டிருப்பார். கட்டைவிரலின் அடிமேடு, நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் உடலின் பாரம் வந்து அழுந்துகிற இடம். அங்கே இருக்கும் புண்ணுக்கு உலகத்திலுள்ள எந்த மருந்தைப் போட்டாலும், அந்தப் பாரத்தை இறக்காமல் ஆறாது.

எனவே இந்தப் புண்ணில் கிருமி ஒரு காரணம் மட்டுமே. உணர்வில்லாமை, ஓயாத அழுத்தம், ஏறிய சர்க்கரை, ஒருவேளை குறைந்த இரத்த ஓட்டம், ஓரத்தில் காய்த்துப் போன தடிப்புத் தோல், உள்ளே தங்கிவிட்ட இறந்த சதை என்று பலவும் சேர்ந்துதான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கின்றன. மருத்துவமனையில் முதலில் செய்வது இவற்றைத் தேடிப் பார்ப்பதுதான். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள். புறங்காலிலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். மழுங்கிய முனையுள்ள ஒரு சுத்தமான உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டு எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டது தெரிவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் முதல் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் விட்டுவிடாமல், மறுபடி எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இறந்த சதையையும் ஓரத் தடிப்பையும் வெட்டி அகற்றி, புண்ணின் ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். மேலாக வழியும் சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்புவதைவிட ஆழத்திலிருந்து எடுக்கும் திசுவே சரியான கிருமியைக் காட்டும். கடைசியாக, பாதத்தின் பாரத்தை வேறு பக்கம் திருப்பும் கட்டோ காலணியோ வேண்டும்; ஊரில் பலர் இந்த ஒன்றைத்தான் செய்யாமல் விட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை என்பதால், வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் அவர் ஒப்ப மாட்டார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

டீ ட்ரீ எண்ணெய்க்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் தொடர்பில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் சதுப்பு நிலங்களில் வளரும் மெலலூக்கா என்ற மரத்தின் இலையை நீராவியில் வடித்து எடுப்பது அது. அந்த மண்ணின் பூர்வகுடியினரான பஞ்சலுங் மக்கள் இலையைக் கசக்கிப் புண்ணுக்கும் இருமலுக்கும் பயன்படுத்தினார்கள். 1920களில் சிட்னியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட், அன்றைக்கு மருத்துவமனைகளில் கிருமிநாசினியாக இருந்த கார்பாலிக் அமிலத்தைவிட இந்த எண்ணெய் பத்து மடங்குக்கும் மேல் வலிமையானது என்று கண்டார். பென்சிலின் வந்ததும் அதன் மவுசு குறைந்தது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகியதும் மறுபடி ஏறியது.

அதில் வேலை செய்யும் முக்கியமான பொருளின் பெயர் டெர்பினென்-4-ஆல். தரமான எண்ணெயில் இது குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். கிருமியின் உடலைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்குள் இது புகுந்து குலைத்துவிட, உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலியவை ஒழுகி வெளியேறிக் கிருமி சாகிறது. சோதனைக்கூடத்துக் கண்ணாடித் தட்டில், எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்லப்படும், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைக்கூட அரை சதவீதக் கரைசலே கொன்றுவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் அண்ணன் படித்தது இதைத்தான். அது பொய்யல்ல.

ஆனால் கொழுப்புச் சவ்வு கிருமிக்கு மட்டும் உரியதல்ல. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் உண்டு. பென்சிலின் போன்ற மருந்து, மனித உயிரணுவில் இல்லாத, கிருமிக்கு மட்டுமே உள்ள செல் சுவரைத் தாக்குவதால் நம்மை விட்டுவிடுகிறது. வாசனைத் தைலங்களுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. புண்ணின் அடியில் புதிய சதையை நெய்துகொண்டிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற உயிரணுக்களும், ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து மூட வேண்டிய இளந்தோலும், கிருமியைவிட உறுதியானவை அல்ல. கிராம்புத் தைலத்தில் இது இன்னும் கூர்மை: அதில் முக்கால் பங்குக்கும் மேல் யூஜெனால் இருக்கிறது, 0.03 சதவீத அளவிலேயே மனிதத் தோலின் உயிரணுக்களைக் கொல்வதாகச் சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் பாட்டில் 100 சதவீதம். பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்துப் பல்லின் கடினமான ஓட்டுக்குள் வைப்பது வேறு. திறந்த சதையில் ஊற்றுவது வேறு. உணர்வுள்ள காலாக இருந்தால் எரிச்சலே ஒருவரை நிறுத்திவிடும்; அப்பச்சியின் காலில் அதுவும் நடக்காது. வெந்து போனபின்தான் தெரியும்.

அடுத்து, கண்ணாடித் தட்டில் இருக்கும் கிருமி வேறு, சீழில் இருக்கும் கிருமி வேறு. சீழ் என்பது புரதமும் செத்த வெள்ளணுக்களும் நிறைந்த குழம்பு. அந்தப் புரதமும் கொழுப்பும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமியைப் போய்ச் சேருவது கொஞ்சமே. மிச்சமும் ஆவியாகக் கூடியது. நாட்பட்ட புண்ணில் கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. வழவழப்பான ஒரு படலத்தை விரித்து அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. தெப்பக்குளத்துப் படியில் படிந்த பாசியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் படலத்துக்கும் அறுவைக் கத்தியும் கரண்டியும்தான் சரி. இன்னொன்று, மேலை நாடுகளில் சர்க்கரைப் பாதப் புண்ணில் ஸ்டஃபைலோகாக்கஸ் முன்னிற்க, நம் நாட்டில் சூடோமோனாஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகளும் பெருமளவில் காணப்படுகின்றன. இவற்றில் சூடோமோனாஸ், டீ ட்ரீ எண்ணெயை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளைத் தன் சவ்வில் வைத்திருக்கிறது. சீழ் பச்சை நிறமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அதுதான் குடியிருக்கிறது. அதன் மேல் அந்த எண்ணெயின் ஆட்டம் செல்லாது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு என்பதோடு, அவை சொல்வதும் அடக்கமாகவே இருக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை உடலில் சுமப்பவர்களிடம் டீ ட்ரீ கலந்த களிம்பையும் குளியல் திரவத்தையும் வழக்கமான மருந்தோடு ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், மூக்கிலிருந்த கிருமியை அகற்றுவதில் வழக்கமான முப்பிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பே மேலாக இருந்தது. தோலில் இருந்ததை அகற்றுவதில் டீ ட்ரீ சோடை போகவில்லை. அதில் பயன்படுத்தியது 10 சதவீதக் களிம்பும் 5 சதவீதத் திரவமும். 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்த புண்களை 3.3 சதவீத டீ ட்ரீ கரைசலால் கழுவினார்கள். பெரும்பாலான புண்கள் சுருங்கின; ஆனால் ஒருவரிடமும் கிருமி ஒழியவில்லை. ஒப்பிட வேறொரு குழு இல்லாததால், சுருங்கியது எண்ணெயாலா, ஒழுங்காகக் கழுவிக் கட்டியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனக்குப் பின்னதன் மேல்தான் சாய்வு. சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுக் குழு 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளில், புண்ணை ஆற்றுவதற்கென்று மூலிகைச் சாரம் தோய்த்த கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருப்பதற்கும் இப்படித் தக்க சான்று கிடைக்காததே காரணம்.

ஆன்டிபயாடிக்குகள் பயனிழந்து வருகின்றன என்று அண்ணன் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அதற்கு மாற்று எண்ணெய் அல்ல. எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்துக் கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்துவதுதான். அந்த மாத்திரையின் அட்டை கிடந்தால் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஆத்தா போடும் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேப்பெண்ணெய் கொட்டையை ஆட்டி எடுப்பது. ஆவியாகாத, கெட்டியான எண்ணெய். அது புண்ணின் மேல் மூடிபோல் நின்று சீழை வெளியேற விடாது. மஞ்சளில் உள்ள குர்க்குமினுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் ஆய்வுகளில் தெரிகிறது என்றாலும், அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள் கிருமி நீக்கியது அல்ல; மசாலாப் பொடிகளில் மண்ணிலிருந்து வந்த நுண்ணுயிர் வித்துகள் இருப்பது இயல்பு. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு மஞ்சளோடு இருக்கும் பெரிய வழக்கு வேறு. அது தோலில் சாயமாக ஏறி, சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க முடியாமல் செய்துவிடுகிறது. அதேபோல் வாசனைத் தைலம் புண்ணின் வாடையை மறைத்துவிடுகிறது. அழுகல் தொடங்கியதை வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்வது அந்த வாடைதான். யூகலிப்டஸ் மணக்கும் காலோடு வந்து, கட்டைப் பிரித்தால் விரல் கறுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆத்தாவிடம் குற்றம் சொல்வதுபோல் பேச வேண்டாம். இதுநாள்வரை நாள்தோறும் காலைத் தொட்டுப் பார்த்துக் கவனித்தது அவர்கள் ஒருவர்தான்.

இந்த ஊர்ப்பக்கத்தில் இன்னொரு பழக்கத்தையும் தடுத்தாக வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்திலிருந்து நம் வீடுகளில் கோடாலித் தைலம் இல்லாத அலமாரி கிடையாது. தலைவலிக்கும் மூட்டுப் பிடிப்புக்கும் அது நல்லதுதான். மென்தால், கற்பூரம், மீத்தைல் சாலிசிலேட், யூகலிப்டஸ் எல்லாம் சேர்ந்தது. சர்க்கரையால் பாதம் மதமதத்து எரியும்போது அதைத் தேய்த்து, மேலே வெந்நீர் ஒத்தடமும் கொடுப்பவர்கள் உண்டு. உணர்வற்ற காலுக்குச் சூட்டின் அளவு தெரியாது என்பதால், அந்த ஒத்தடமே கொப்புளமாகி, கொப்புளமே புண்ணாகி, என்னிடம் வருகிறார்கள். அப்பச்சியின் காலில் தைலமும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம்.

தைலமே கூடாது என்று சொல்கிற மருத்துவர்கள் தைலத்தைத் தொடுவதே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தொடுகிறோம். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால், பைன் மரத்திலிருந்து வடித்த டர்பன்டைன் எண்ணெயை அரசு மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுத்துகிறோம். மூச்சு முட்டிப் புழு மேலே வரும்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எண்ணெயை நன்றாகக் கழுவிவிடுவோம். மாட்டுக்கு இதைச் செய்து பழகியவர்கள், சிராவயல் மஞ்சுவிரட்டில் குத்துப்பட்ட காளைக்குப் போட்ட அதே பாட்டிலை மனிதருக்கும் எடுப்பது உண்டு. புழுவை வெளியேற்றும் கருவியாகத்தான் அது பயன்படுகிறதே தவிர, புண்ணை ஆற்றும் மருந்தாக அல்ல. சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு (மயில்துத்தம்) சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் புண்ணுக்கென்றே உள்ளது. அது வேறு வகை. அதைப் பயன்படுத்த விரும்பினால், தொற்று அடங்கி, இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டி, அறுவை சிகிச்சை மருத்துவருக்கும் தெரிவித்துச் செய்யுங்கள். கடையில் வாங்கி நீங்களாகப் போட வேண்டாம்.

வண்டி வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அப்பச்சியை உட்கார வைத்து, அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். கழிப்பறைக்குப் போவதென்றாலும் தாங்கிப் பிடித்து, குதிகாலை மட்டும் ஊன்றச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டிலாலோ, அது இல்லையென்றால் கொதிக்க வைத்து முழுவதும் ஆறிய நீராலோ புண்ணை ஓட விட்டுக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரே ஆனாலும் சுத்தமாக இருந்தால் பாதகமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் முதலியவை வேண்டாம். சுத்தமான காஸ் துணியால் தளர்வாக மூடிக் கட்டுங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் மருத்துவருக்கு அது பெரிய தகவல். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக் கூடாது. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று ஆத்தாவிடம் கேளுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தாலோ நினைவில்லை என்றாலோ மருத்துவமனையில் சொல்லிப் போட்டுக்கொள்ள வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு, விரல் நீலமாவது அல்லது கறுப்பது, தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று இருப்பதுபோல் தட்டுப்படுவது – இவற்றில் எது தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள்.

அண்ணன் அனுப்பிய பாட்டில்களை வீணாக்க வேண்டியதில்லை. டீ ட்ரீ எண்ணெயைச் சர்க்கரை இல்லாத, நலமான பெரியவர்கள் முகப்பருவுக்குப் பயன்படுத்தலாம்; 5 சதவீத அளவில், அதாவது ஒரு சொட்டுக்கு 19 சொட்டுத் தேங்காய் எண்ணெய் என்ற கணக்கில் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பார்த்து, அரிப்போ தடிப்போ வராவிட்டால் மட்டும். திறந்த பாட்டில் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஆக்சிஜனேற்றமாகி, ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் அதில் பெருகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சன்னல் மாடத்தில் வைத்தால் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். சாமி வீட்டில் விளக்குக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், எளிதில் தீப்பற்றக்கூடியது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் இரண்டு பாட்டிலையும் பூட்டி வையுங்கள். குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் மயக்கம், தள்ளாட்டம், வலிப்புவரை போகலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழனி நடையைப் பற்றி. தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் குடும்பத்துப் பெரியவரிடம், இனிமேல் கிடையாது என்று ஒரு மருத்துவர் கடிதத்தில் எழுதுவது எளிது. அவர் கேட்க மாட்டார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆறிய பாதப் புண் ஓராண்டுக்குள் மறுபடி திறப்பது நூற்றுக்கு நாற்பது பேருக்கு நடக்கிறது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். புண் முழுவதும் ஆறி, எலும்பில் தொற்றில்லை என்று உறுதியாகி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, ஐப்பசி வாக்கில் பாதத்தை மீண்டும் சோதித்து முடிவு செய்யலாம். அந்தச் சோதனையில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பது தெரிந்தால் நடை வேண்டாம். காவடியை மகனோ பேரனோ எடுக்கட்டும், அப்பச்சி வண்டியில் போய் மலையடிவாரத்தில் சேர்ந்துகொள்ளட்டும். இரத்த ஓட்டம் நன்றாக இருந்து, உணர்வு மட்டும் குறைந்திருந்தால், கடைசி ஒரு பகுதியை மட்டும், காலுறையும், மெத்தென்ற ரப்பர் அடித்தளமுள்ள எம்.சி.ஆர். செருப்பும் அணிந்து நடக்கலாம். வெறுங்கால் வேண்டுதலுக்கு விலக்குக் கேட்பதை அவர் தம் குடும்பத்துப் பெரியவர்களோடு பேசிக்கொள்ளட்டும். அது என் துறையல்ல. செருப்பை இப்போதே அளவெடுத்துச் செய்து, வீட்டுக்குள்ளும் அதையே போட்டுப் பழக வேண்டும், ஏனென்றால் புதுச் செருப்பே புதுப் புண்ணுக்குக் காரணமாவது உண்டு. நடக்கும்போது ஒவ்வொரு தங்கலிலும் உடன் வருபவர் ஒருவர் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்த்து, ஓரிடம் மற்றதைவிடச் சூடாகவோ சிவப்பாகவோ இருந்தால் அன்றைய நடையை அங்கேயே நிறுத்திவிட்டு வண்டியில் ஏற்றிவிட வேண்டும். கொப்புளம் தெரிந்தால் குத்தி உடைக்காமல், வழியில் உள்ள மருத்துவ முகாமில் காட்ட வேண்டும்.